இரண்டாவது பெயர்: அறிவுத்திறன் குறைபாடுடைய சிறாரிடம் ஓட்டிசத்தைத் தேடுவது பற்றி ஓர் ஒழுக்கவியல் நோக்கு

எட்டு வயதாகியும் ஒரு பிள்ளை பேசவில்லை, எழுத்தறியவில்லை, உடையைத் தானாக அணியத் தெரியவில்லை. மருத்துவரும் உளவியலாளரும் அவனைச் சோதித்து, நுண்மதி ஈவு 50க்குக் கீழ்ப்பட்டதெனக் கணித்து, அறிவுத்திறன் குறைபாடு எனப் பெயரிட்டு, விசேட கல்விப் பிரிவுக்கு அனுப்பிவிட்டனர். அங்கே அவன் சுவரைப் பார்த்தபடி கைகளை உதறிக்கொண்டிருக்கின்றான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. பாடசாலை மணி ஒலிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறுகின்றான். அறிவு குறைந்த பிள்ளை அப்படித்தான் நடக்கும் என்று ஆசிரியரும் பெற்றோரும் அமைதி காண்கின்றனர். இந்நிலையில் ஒருவர் வந்து, இப்பிள்ளையிடம் ஓட்டிசத்தின் அறிகுறிகள் உளவா என மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்கின்றார். ஏற்கனவே ஒரு பெயரைச் சுமக்கும் பிள்ளையின்மீது இன்னொரு பெயரை ஏற்றுவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு? அன்றி, தேடிப் பாராது விடுவதற்குத்தான் என்ன உரிமை உண்டு? இவ்வினா மருத்துவத்துக்கு உரியதுபோலத் தோன்றினும் இதன் வேர் ஒழுக்கவியலிலேயே உள்ளது என்று கருதியே இக்கட்டுரை இதனை எடுத்துக்கொள்கின்றது.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. கற்பதற்கும் சிந்திப்பதற்குமான ஆற்றலும், அன்றாட வாழ்வை நடத்தும் திறனும் வளர்ச்சிப் பருவத்திலேயே கணிசமாகக் குறைந்திருப்பதை அறிவுத்திறன் குறைபாடு என்கின்றோம். ஓட்டிசம் என்பது பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் காணப்படும் ஆழ்ந்த வேறுபாடு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்க இயலாமை, ஓசையையும் ஒளியையும் தொடுகையையும் மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன அதனோடு சேர்ந்து வருவன. (இதற்குத் தமிழிற் பல சொற்களை ஆக்கிப் பார்த்துள்ளனர், அவற்றுள் ஒன்றேனும் நிலைபெறாமையால் நம் நாட்டில் வழங்கும் வடிவத்தையே இங்குக் கைக்கொண்டோம்.) இவ்விரண்டும் வேறு வேறானவை, ஆயினும் ஒரே பிள்ளையிடத்து அடிக்கடி சேர்ந்து காணப்படுவன. ஐக்கிய அமெரிக்காவில் 2020இல் எட்டு வயதுச் சிறாரிடையே நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், நுண்மதி ஈவு அறியப்பட்ட ஓட்டிசப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 38 வீதத்தினருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருந்தது.

இவ்வளவு நெருக்கமான இரண்டையும் ஒருகாலத்தில் ஒரு மதில் பிரித்து வைத்திருந்தது. அம்மதிலின் வரலாறே நமது வினாவின் முற்பகுதி எனலாம். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிற் பணியாற்றிய லியோ கன்னர் என்னும் உளமருத்துவர் 11 பிள்ளைகளின் வரலாற்றை எழுதி, ஓட்டிசத்தைத் தனியொரு நிலையாக உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அப்பிள்ளைகளுட் சிலர் அதற்கு முன் அறிவு குறைந்தோர் எனக் கருதப்பட்டவர்கள். கன்னரோ, இவர்களிடம் நல்ல அறிவாற்றல் உள்ளுறைந்து கிடக்கின்றது என வலியுறுத்தினார். அவர் இரக்கமற்றவர் அல்லர். 1942இல் கடுமையான அறிவுக் குறைபாடுடைய பிள்ளைகளைக் கொன்றுவிடலாம் என ஃபொஸ்டர் கென்னடி என்னும் நரம்பியல் மருத்துவர் அமெரிக்க உளமருத்துவ இதழொன்றில் எழுதியபோது, அதே இதழில் அதனை எதிர்த்து எழுதியவர் கன்னரே. எனினும் அவருடைய விளக்கத்தின் நிழலில், உள்ளே அறிவு மறைந்திருக்கும் பிள்ளை ஓட்டிசப் பிள்ளை, மறைந்திருக்க ஒன்றுமில்லாத பிள்ளை மந்தபுத்திப் பிள்ளை என்றொரு பிரிவினை வளர்ந்தது.

இப்பிரிவினையின் கொடிய வடிவத்தை வியன்னாவிற் காண்கின்றோம். 1944இல் ஹான்ஸ் அஸ்பேர்கர், தாம் கண்ட ஓட்டிசச் சிறுவர்களின் தனித்திறன்கள் சமூகத்துக்குப் பயன்படும் என எழுதினார். அவரே கடுமையான குறைபாடுடைய சிறுமியர் இருவரை அம் ஸ்பீகல்குறுண்ட் என்னும் நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தவர் என்பதை வரலாற்றறிஞர் ஹேர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். அந்நிலையத்தில் நாட்சி ஆட்சியின்போது ஏறத்தாழ 800 சிறார் இறந்தனர். அவ்விருவரும் அவர்களுள் அடங்குவர். ஒரு பிள்ளையை ஒரு பெயரிலிருந்து மீட்டெடுக்கும் கையே, அப்பெயரில் எஞ்சியோரைக் கைவிடவுங் கூடும். இரண்டாவது பெயரைத் தேடப் புறப்படுவோர் இதனை மறந்து புறப்படலாகாது.

மதிலை இடித்தது இலண்டனின் தென்பகுதியான கம்பர்வெல்லில் நடந்த ஓர் ஆய்வு. அதனை நடத்தியோர் லோர்னா விங், ஜூடித் கூல்ட் என்னும் இருவர். லோர்னா விங் உளமருத்துவர்; ஓட்டிசமுள்ள மகளொருத்தியின் தாய். கன்னர் தம்மிடம் அழைத்துவரப்பட்ட பிள்ளைகளைக் கண்டார். கம்பர்வெல் ஆய்வாளரோ, தங்களைத் தேடி வராத பிள்ளைகளைத் தேடிச் சென்றனர். அப்பகுதியில் வாழ்ந்த 15 வயதுக்குட்பட்ட, ஏதேனும் ஊனமோ அறிவுக் குறைபாடோ நடத்தைச் சிக்கலோ உடையோர் என மருத்துவ, கல்வி, சமூக சேவைப் பகுதியினர் அறிந்திருந்த பிள்ளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். 1979இல் வெளியான முடிவுகளின்படி, கன்னர் கூறிய அச்சொட்டான வடிவம் 10,000 பிள்ளைகளுக்கு ஐவரளவிலேயே காணப்பட்டது. உறவாடலிற் கடுமையான குறையுடையோரோ 10,000க்கு 21 பேரளவில் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அறிவுத்திறன் குறைபாட்டின் பெயரிலேயே அதுவரை அறியப்பட்டவர்கள்.

இவ்வாய்வில் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது எண்ணிக்கை அன்று. கடுமையான அறிவுக் குறைபாடுடைய பிள்ளைகள் எல்லோரும் உறவாடலிற் குறைந்தவர்கள் அல்லர் என்பதை இது காட்டிற்று. ஓராண்டுக் குழந்தையின் உளவளர்ச்சியே உடைய பத்து வயதுப் பிள்ளை, ஓராண்டுக் குழந்தை மகிழ்வதுபோலவே தாயைக் கண்டு மகிழலாம், கையை நீட்டலாம், சிரிப்புக்குச் சிரிக்கலாம். அதே உளவளர்ச்சியுடைய வேறொரு பிள்ளை மனிதரைப் பொருள்போற் கடந்து செல்லலாம். மூன்றாமவன் பிறர் அணுகினால் ஏற்றுக்கொண்டு, தானாக எவரையும் நாடாதிருக்கலாம். நான்காமவன் முன்பின் அறியாதவரிடம் ஓடிச்சென்று ஒரே கேள்வியை நூறு முறை கேட்கலாம். ஆகவே பிறரை நாடாமைக்கு அறிவுக் குறைவு மாத்திரம் காரணமாகாது. மந்தபுத்தி என்ற ஒற்றைச் சொல்லின் பின்னே இத்தனை வேறுபட்ட மனிதர் நின்றிருக்கின்றனர்.

பின்னர் எதற்காக இவ்வளவு காலம் எவரும் இதனைக் காணவில்லை? இதற்கு விடையாக அமெரிக்க உளவியலாளர் ஸ்ரீவன் ரைஸும் உடனாய்வாளரும் 1982இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் குறிப்பிடலாம். கடும் அச்சத்தால் வருந்தும் ஒருவரின் வரலாற்றை அவர்கள் உளவியலாளரிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தனர். சிலருக்குக் கொடுத்த தாளில் அவர் சராசரி அறிவுடையவர் என்றும், வேறு சிலருக்குக் கொடுத்ததில் அறிவுத்திறன் குறைந்தவர் என்றும் எழுதப்பட்டிருந்தது. அச்சம் ஒன்றே, விவரமும் ஒன்றே. எனினும் அறிவுத்திறன் குறைந்தவர் என்ற குறிப்பைக் கண்டோர் அவ்வச்சத்தைத் தனியொரு உளச்சிக்கலாகக் குறைவாகவே மதித்தனர். பெரிய குறை சிறிய குறையை நிழலிட்டு மறைத்துவிடும் இந்நிலைக்கு ஆய்வாளர் ஒரு பெயரும் இட்டனர். தேர்ந்தோரே இவ்வாறு மதிப்பிட்டனர் எனின், ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகளோடு தனித்து நிற்கும் ஆசிரியரைக் குறைகூறுதல் எங்ஙனம்?

மெய்யியல் மாணவர்க்கு இது அறிமுகமான தவறு. பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் 1673இல் மேடையேற்றிய கற்பனை நோயாளி பற்றிய நாடகத்தில், அபின் ஏன் தூங்கவைக்கின்றது என்ற வினாவுக்கு, அதற்குத் தூங்கவைக்கும் ஆற்றல் உண்டு என்று விடையளிக்கும் மருத்துவ மாணவன் ஒருவன் வருகின்றான். பிள்ளை ஏன் பேசவில்லை? அறிவு குறைவு. அறிவு குறைவென எவ்வாறு அறிந்தீர்? பேசவில்லையே! இவ்வட்டத்துள் பிள்ளை அகப்பட்டுக்கொள்கின்றது. பெயர் விளக்கம்போல் வேடமிட்டு வந்து, மேலும் வினவ வேண்டிய இடத்தில் வாயை அடைத்துவிடுகின்றது. மற்றொரு பிள்ளை அலறினால் என்ன நேர்ந்தது என ஓடிச்சென்று கேட்கின்றோம். இப்பிள்ளை அலறினால் கேட்பதில்லை. காரணம் கேட்கப்படத் தகுந்தவனாக ஒருவனைக் கருதுவது அவனை மனிதனாகக் கருதுவதன் ஒரு பகுதி என்றால், இங்கு நேர்வது அறியாமை மாத்திரமன்று, அநீதியுமாகும். இரண்டாவது பெயரைத் தேடுவதற்கான கடமை இவ்விடத்தே பிறக்கின்றது என்பது எமது துணிபு.

அக்கடமையை நிறைவேற்றினால் பிள்ளைக்கு என்ன கிடைக்கின்றது என்பதையும் நோக்கவேண்டும். அறிவுத்திறன் குறைந்த பிள்ளைக்குக் கற்பிக்கும் வழக்கமான முறை, பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, செய்து காட்டிப் பின்பற்றச் செய்து, பலமுறை சொல்லி, செய்தவுடன் தட்டிக்கொடுத்துப் பாராட்டுவது. பிறரைப் பார்த்துச் செய்வதிலும் பிறரின் பாராட்டில் மகிழ்வதிலும் நாட்டமுள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். ஓட்டிசமும் உடைய பிள்ளைக்கோ பின்பற்றலே கடினம். பாராட்டு வெறும் இரைச்சலாகலாம். தட்டிக்கொடுத்தல் உடலை நோகச்செய்யலாம். அன்பினாற் செய்யும் செயல்களே அப்பிள்ளையைத் துரத்தியடிக்கின்றன. அவனுக்கு வேண்டுவன வேறு: அடுத்து என்ன நிகழும் என்பதைப் படங்களின் வரிசையாகக் கண்முன் வைத்தல், வேலை செய்யும் இடத்தையும் விளையாடும் இடத்தையும் தெளிவாகப் பிரித்தல், ஓசையைத் தணித்தல், வேண்டியதைப் பட அட்டையைக் கொடுத்துக் கேட்கப் பழக்குதல். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் எரிக் ஷொப்ளரின் தலைமையில் 1972 முதல் இம்முறையிலான கல்வியை மாநிலம் முழுவதற்கும் உரிய திட்டமாக நடத்தியது. இவற்றுள் எதுவும் அறிவுக் குறைபாட்டை நீக்குவதில்லை. ஆயினும் முன்னர்க் கூறிய அச்சிறுவன் மணியோசைக்கு அலறியதற்காகத் தண்டிக்கப்படாதிருப்பது சிறிய காரியம் ஆகாது.

இனி, மறுபக்கத்தார் கூறுவனவற்றையும் கேட்கவேண்டும். பெயர் ஆளை மாற்றிவிடும் என்பது அவர்களது முதல் வாதம். கனேடிய மெய்யியலாளர் இயன் ஹக்கிங் இதனை ஆழமாக ஆராய்ந்தவர். கல்லுக்கு எப்பெயரிட்டாலும் கல் அதனை அறியாது. மனிதரோ தமக்கிடப்பட்ட பெயரை அறிந்து அதற்கேற்ப மாறுகின்றனர், அம்மாற்றத்தாற் பெயரின் பொருளும் மாறுகின்றது என்றார் அவர். தன் பெயரைத் தானே அறியாத கடுங்குறைபாடுடைய பிள்ளைக்கு இது பொருந்துமா எனக் கேட்கலாம். பொருந்தும், ஏனெனில் பெற்றோரும் ஆசிரியரும் அயலாரும் அறிவர், பிள்ளை வாழ்வது அவர்களிடையேதான்.

பெயர்களுக்குள்ளும் சாதி உண்டு. மந்தபுத்தி என்னும் பெயர் தாழ்ந்ததாகவும் ஓட்டிசம் என்னும் பெயர் உயர்ந்ததாகவும் இன்று கருதப்படுகின்றது. திரைப்படங்கள் ஓட்டிசமுள்ளவரை எண்களின் மேதையாகக் காட்டியது இதற்கு ஒரு காரணம். அமெரிக்கப் பாடசாலைகளின் விசேட கல்விப் பதிவேடுகளை ஆராய்ந்த போல் ஷட்டக், 1994 முதல் 2003 வரை பல மாநிலங்களில் ஓட்டிசத்தின் எண்ணிக்கை ஏற ஏற அறிவுக் குறைபாட்டின் எண்ணிக்கை இறங்கியதை 2006இல் எடுத்துக்காட்டினார். பிள்ளைகள் ஒரு பெயரிலிருந்து மற்றதற்குக் குடிபெயர்ந்தனர் போலும். பெற்றோர் அப்படி விரும்புவதை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் புதிய பெயர் பழையதை விரட்டிவிடுமானால் பிள்ளைக்கு உரிய உதவியிற் பாதி மீண்டும் மறைந்துபோகும். ஆராய்ச்சி உலகிலேயே இது நிகழ்ந்துவிட்டது. 2016இல் வெளியான ஓட்டிச ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2019இல் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்ட கணக்கின்படி, அவற்றிற் பங்குகொண்ட ஓட்டிசமுடையோருள் 94 வீதத்தினர் அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்கள். கம்பர்வெல்லிற் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகள், தங்கள் பெயராலேயே நடைபெறும் ஆராய்ச்சிக்கு வெளியே மீண்டும் நிற்கின்றனர்.

புதிய பெயரும் நிழலிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலையிற் குத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பல்வலியோ காதுவலியோ இருக்கலாம். முன்னர் அறிவு குறைவு என்று விட்டதை இப்போது ஓட்டிசம் என்று விடுவதனால் பல்வலி தீரப்போவதில்லை.

எதிர்வாதங்களுள் வலிமை மிக்கது நம் நாட்டுக்கு மிகவும் பொருந்துவது: கண்டறிந்து என்ன செய்யப்போகின்றீர்கள்? உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968இல் வில்சன், யுங்னர் என்னும் இருவர், நோயைத் தேடிக் கண்டறியும் முயற்சிகளுக்குப் பத்து நெறிகளை வகுத்தனர். ஏற்கப்பட்ட சிகிச்சையும், நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை அளிக்கவும் உரிய வசதியும் இருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. நமக்கு இது புதிய கருத்தன்று. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயையும் அதன் முதலையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்து, அதன்பின் பொருந்தச் செய்யுமாறு கூறுகின்றார்; ஆராய்வதோடு நிற்குமாறு கூறவில்லை. பேச்சுப் பயிற்சியாளரைக் காண நெடுந்தூரம் பயணஞ்செய்ய வேண்டிய குடும்பத்துக்குப் புதியதொரு பெயரை எழுதிக்கொடுத்து அனுப்புவது உதவியாகுமா என்ற கேள்வி நியாயமானது.

ஆயினும் இவ்வாதம் ஓர் அளவுக்குத்தான் செல்லும் என எண்ணுகின்றோம். நெறிகளை வகுத்தோர் கருதியது, நோயெதுவும் அறியப்படாத மக்கள் கூட்டத்திடையே நோயைத் தேடுவதை. நாம் பேசும் பிள்ளைகளோ ஏற்கனவே நமது கையில் உள்ளவர்கள். நாளும் ஏதோ ஒரு முறையில் நடத்தப்பட்டுக்கொண்டிருப்பவர்கள். அம்முறை தவறாக இருக்கக்கூடும் என்பதே கேள்வி. தவறான முறையை நிறுத்துவதற்குப் பெரும் வசதி வேண்டியதில்லை. நிபுணர் இல்லாத ஊரிலும் வகுப்பின் ஒரு மூலையை அமைதியானதாக்கலாம், காட்போட் மட்டையிற் படங்களை ஒட்டலாம், பிரம்பை எடுக்காதிருக்கலாம். சேவை இல்லை என்ற வாதம் தொடர்ந்து கூறப்படுமாயின் சேவையைக் கோருவதற்கான எண்ணிக்கையும் ஒருபோதும் கிடைக்காது என்பதும் கவனிக்கத்தக்கது.

எவ்வாறு தேடுவது என்பதிலும் ஒழுக்கவியல் உண்டு. பிற நாட்டில் ஆக்கிய வினாக்கொத்தை மொழிபெயர்த்துப் பெற்றோரிடம் கொடுத்து, புள்ளிகளைக் கூட்டிப் பெயரிடுதல் எளிது. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் உடனாய்வாளரும் இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு இதற்கு எச்சரிக்கையாகும். 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஓட்டிசம் காணப்பட்டது. ஆனால் தாய்மாரின் விடைகளை நம்பிய மொழிபெயர்ப்பு வினாக்கொத்து அக்குழந்தைகளுட் பெரும்பாலோரைத் தவறவிட்டது. பின்னர் அவ்வாய்வாளரே படங்களைக் கொண்டு வினவும் கருவியொன்றை நம் நாட்டுக்கென ஆக்கினார். சொல்லால் விளங்காத நடத்தையைப் படத்திற் கண்ட தாய் அடையாளங் காணக்கூடும் என்பது அதன் அடிப்படை.

அறிவுத்திறன் குறைந்த பிள்ளையிடத்து இடர் எதிர்த்திசையிலும் வரும். பேசவில்லை, பாவனை விளையாட்டு இல்லை, கேட்டதற்கு விடை இல்லை என்பவற்றை வினாக்கொத்து ஓட்டிசத்தின் புள்ளிகளாக எண்ணும். அவையோ இளம் உளவளர்ச்சியின் இயல்பாக இருக்கலாம். ஆதலின் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூல், இரு பெயரையும் சேர்த்து வழங்குவதற்கு, பிள்ளையின் பொதுவான வளர்ச்சி மட்டத்துக்கு எதிர்பார்க்கத் தக்கதைவிட உறவாடல் குறைந்திருத்தல் வேண்டும் என விதித்தது. நெதர்லாந்தில் டர்க் கிரைஜர் அறிவுத்திறன் குறைந்தோருக்கென்றே 12 அம்சங்கள் கொண்ட அளவுகோலை ஆக்கியதும் இதன் பொருட்டே. ஒப்பிடவேண்டியது எட்டு வயதுப் பிள்ளையை ஏனைய எட்டு வயதினரோடு அன்று. இரண்டு வயது உளவளர்ச்சியுடையவனை இரண்டு வயதுக் குழந்தையோடு. டவுன் நிலையுடைய பிள்ளைகள் விடயத்தில் இது பெரிதும் தவறுகின்றது. அவர்கள் எல்லோரும் சிரித்துப் பழகுவோர் என்ற நம்பிக்கை வலுவாக வேரூன்றியிருப்பதால், அவர்களுள் ஓட்டிசமும் உடையோர் நெடுங்காலம் கண்டறியப்படாது போகின்றனர். அன்பாகச் சொல்லப்படும் பொதுக்கூற்றும் கண்ணை மறைக்கும்.

ஒரு பகுதி மாத்திரம் எஞ்சுகின்றது. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி மற்றவரையும் பார்க்கச் செய்யும் ஆற்றல் இயல்பான குழந்தைக்கு ஏறத்தாழ ஓராண்டு நிறைவில் வருவது. சில பிள்ளைகளின் உளவளர்ச்சி அவ்வெல்லையையே எட்டுவதில்லை. சுட்டும் பருவத்தை அடையாத ஒருவன் சுட்டவில்லை என்பதிலிருந்து எதனையும் முடிவுகட்ட இயலாது. எதிர்பார்க்கத் தக்கதைவிடக் குறைவு என்ற அளவுகோலே அங்குப் பொருளிழக்கின்றது. எவ்வளவு திறமையாகத் தேடினும் இரண்டாவது பெயர் உண்டென்றோ இல்லையென்றோ கூற முடியாத பிள்ளைகள் இவர்கள். பெயர் கிடைத்தாலன்றி உதவி இல்லை என விதிக்கும் நிருவாகங்கள் இவர்களையே முதலிற் கைவிடும். இவர்களிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதற்கு வினாக்கொத்து விடை தராது. எவ்வோசைக்கு அஞ்சுகின்றான், எத்தொடுகைக்கு அமைதியடைகின்றான், நாளின் எந்த ஒழுங்கு குலைந்தால் அழுகின்றான் என்பவற்றை அவனைப் பராமரிக்கும் தாயோ ஆசிரியரோ ஒரு கொப்பியிற் குறித்துவைத்து, அக்குறிப்பின்படி அறையையும் நாளையும் ஒழுங்கு செய்யலாம். இதற்கு மருத்துவரின் கடிதம் வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை அக்கொப்பியைப் பிரித்துப் பார்க்க ஒருவர் இருக்கவேண்டும். பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றும்போது அக்கொப்பியும் கூடச் செல்லவேண்டும்.